முகத்துக்கு வாங்கின வெளிச்சம்

கரட்டுப்புதூரில் வசந்தாமணியின் முகத்தில் வெளிச்சம் தங்கிப்போனது ஒரு புதன்கிழமை காலையில். அன்றைக்கு முட்டை விலை ஒரேயடியாக இருபத்தைந்து பைசா இறங்கியிருந்தது, அதனால் ஊரில் யாருக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நாமக்கல் பக்கத்து ஊர்களில் அப்படித்தான். மழை பெய்தாலும், ஆள் செத்தாலும், நட்சத்திரம் கழன்று வாசலில் விழுந்தாலும், இன்னைக்கு முட்டை என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்கள்.

வசந்தாமணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயசு. புருஷன் நல்லசிவம் முட்டை யாவாரி. பண்ணைகளில் முட்டை எடுத்துக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறவர். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் ஆள் கெட்டி. வீட்டை ஒட்டின குடோனில் ஒரு தகர டப்பாவுக்குள் பல்பை எரியவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்ப்பார். ஓட்டில் கீறல் விழுந்திருக்கிறதா, உள்ளே ரத்தப்புள்ளி நிற்கிறதா, மஞ்சள் கரு தளர்ந்துவிட்டதா என்று உருட்டி உருட்டிப் பார்ப்பார். பொழுதுக்கும் முட்டையைப் பார்த்த அந்தக் கண்ணால் பெண்டாட்டியின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மகள் பெரியவளானதற்குச் சீர் செய்த அன்று வசந்தாமணியின் மூக்குத்தி தொலைந்துபோக, எங்க போட்டுத் தொலைச்சே என்று கேட்டுப் பார்த்ததுதான் கடைசி. அதுகூட மூக்கைத்தான் பார்த்தாரோ என்னவோ.

அடிக்கிற மனுஷன் இல்லை, குடிக்கிற மனுஷன் இல்லை, வெளியே ஒரு தொடுப்பு கிடையாது. சோறு என்பார், தட்டைப் பார்த்து. சட்டை என்பார், கொடியைப் பார்த்து. காய்ச்சல் வந்து அவள் படுத்தால் மாத்திரை வாங்கி வந்து, டம்ளரைப் பார்த்து, போட்டுக்க என்பார். ஊரில் கேட்டால் தங்கமான ஆள் என்பார்கள், அது பொய்யும் இல்லை. அதனால் வசந்தாமணிக்கு இருந்த குறையை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அவளுக்கு நகை வேண்டாம், சேலை வேண்டாம், பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து நாலு நாள் தங்கக்கூட வேண்டாம். ஒரே ஒருதரம் அந்த மனுஷன் நிமிர்ந்து அவள் முகத்தை, முகம் என்று தெரிந்து பார்த்தால் போதும். இதைப் போய் யாரிடம் சொல்வது? அம்பது வயசாகப் போகுது, ஆசையப் பாரு ஆசைய என்று ஊர் சிரிக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாதபோது பொம்பளைகள் செய்வதையே அவளும் செய்தாள். முகத்தின்மேல் குற்றத்தைப் போட்டாள். கன்னம் தொங்கிப்போச்சு, நெத்தியில கோடு விழுந்துபோச்சு, அதான் பாக்கறதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் செல்போனில் அந்த முகமூடி வந்தது. வெள்ளை நிறத்தில், உள்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாகச் சிவப்பு பல்பு பதித்த பிளாஸ்டிக் முகமூடி. வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தோல் இறுகும், சுருக்கம் போகும், பத்து வயசு குறையும் என்று ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள். வசந்தாமணி மகள் அனுப்பி வைத்திருந்த தீபாவளிப் பணத்தில் அதை வரவழைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மாராத்தாள், ஐம்பத்தெட்டு வயசுக்காரி, யார் வீட்டுக்குப் பார்சல் வந்தாலும் பிரிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிறவள், பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, கூத்துல வேசங்கட்டறவன் மூஞ்சியாட்ட இருக்குது, இதப் போட்டா அழகு வருமாக்கும்” என்று கேட்டுவிட்டு மோர் வாங்கிக்கொண்டு போனாள்.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், வாரத்தில் நாலு நாள், அதற்குமேல் வேண்டாம் என்று கடிகாரப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வசந்தாமணி படத்தைப் பார்த்தாள், நம்பிக்கை வரவில்லை. பத்து நிமிஷத்தில் என்ன நடக்கும்? எந்த மருந்தாக இருந்தாலும் பத்தியம் இருந்தால்தான் பிடிக்கும், எந்தச் சாமியாக இருந்தாலும் ஒரு மண்டலம் விரதம் இருந்தால்தான் திரும்பிப் பார்க்கும் என்று வளர்ந்தவள் அவள். அதனால் நாள் பார்த்து, தை வெள்ளியில் ஆரம்பித்து, கறி மீன் முட்டை நிறுத்தி, விடிகாலையில் தலைக்கு ஊற்றி, முகம் முழுக்கக் கஸ்தூரி மஞ்சள் பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து முகமூடியை மாட்டினாள். முதல் வாரம் பத்து நிமிஷம், அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்து அரைமணி, அப்புறம் ஒரு மணி, மாசிக் கடைசியில் இரண்டு மணி நேரம்; வாயில் ஒரே வேண்டுதல், பாக்கோணும், அவர் பாக்கோணும், ஒருக்காப் பாக்கோணும் என்று. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த எச்சரிக்கைகளில் விரதம் இருக்காதே என்று மட்டும் எழுதவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் காலை முகமூடியைக் கழற்றினாள். எதிர்ச் சுவரில் சிவப்பு வெளிச்சம் அப்படியே நின்றது. ஸ்விட்ச்சை அணைக்கவில்லையோ என்று அணைத்தாள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. வயரைப் பிடுங்கினாள். முகமூடியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் துண்டைப் போட்டாள். அவள் இடதுபக்கம் திரும்பினால் வெளிச்சம் இடதுபக்கம் போனது, வலதுபக்கம் திரும்பினால் வலதுபக்கம் வந்தது. கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். கழுத்து தெரிந்தது, தாலிக்கொடி தெரிந்தது, காதில் தோடு தெரிந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எரிகிற அடுப்பின் வாயைப் போல ஒரு சிவப்பு, பார்க்கக் கண் கூசியது. சரி, சாமி ஏதோ கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்து, காப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் புருஷனுக்கு நேராக நின்றாள்.

நல்லசிவம் செல்போனில் முட்டை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கையை நீட்டி டம்ளரை வாங்கினார். “ஏம்புள்ளே, பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? அணைச்சுப்போடு” என்றார்.

வசந்தாமணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவளை முதலில் கண்டுபிடித்தது மாராத்தாள். ஆனால் அவளும் வசந்தாமணியையா பார்த்தாள்? மோருக்காகச் சொம்பை நீட்டினாள், நீட்டின கை அந்த வெளிச்சத்துக்குள் போயிற்று, போன கை இருபது வயசுக் கையாக இருந்தது. நரம்பு இல்லை, புள்ளி இல்லை, களை வெட்டிக் காய்த்த காய்ப்பு இல்லை. மாராத்தாள் கையை வெளியே இழுத்தாள், அது பழைய கை. உள்ளே விட்டாள், இளங்கை. நாலைந்து தரம் விட்டு விட்டு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொம்பை அங்கேயே போட்டு ஓடினவள், கால்மணி நேரத்தில் கைக்கண்ணாடியோடும் தெருப் பொம்பளைகளோடும் திரும்பி வந்தாள். வந்தவர்கள் வசந்தாமணியைக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து, கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, நாம இப்படியா இருந்தோம் என்று பார்த்துக்கொண்டார்கள். சிலருக்கு அழுகை வந்தது. ஒருத்தி தன் கன்னத்தைத் தானே முத்தம் கொடுக்க முடியாத குறையாகத் தடவிக்கொண்டாள். வெளிச்சத்தை விட்டு ஒரு அடி நகர்ந்தால் வயசு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது, அதனால் தள்ளுமுள்ளு ஆயிற்று.

“உனக்கு வலிக்குதாக்கா?” என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்க நினைத்த ஒருத்தி நேராகப் பார்த்தாள், கண் கூசியது, திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பெங்களூர் மகள் வீடியோவில் வந்தாள். “அம்மா, போனைக் கிட்டக்க வெக்காதீங்க, ஒண்ணுமே தெரியல, வெறும் செவப்பா இருக்குது. அப்பா பக்கம் திருப்புங்க” என்றாள். திருப்பினாள். “ஐயோ, அப்பா எவ்வளவு அழகா இருக்காரு, முப்பது வயசு மாதிரி” என்று மகள் அரைமணி நேரம் அப்பாவையே பார்த்துப் பேசினாள்.

நல்லசிவத்துக்கு அந்த வெளிச்சத்தில் முதலில் தோன்றியது யாவாரம்தான். மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் குடோனிலிருந்து கூப்பிட்டார். “இங்க வந்து எதுக்கால உக்காரு.” வசந்தாமணி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். சேலையை மாற்றிக்கொண்டு போனாள். இரண்டு ஸ்டூல் போட்டிருந்தார், முட்டியும் முட்டியும் இடிக்கிற தூரத்தில். அவள் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்தார், பதினோரு வருஷத்துக்கு அப்புறம் நிமிர்ந்தார், நிமிர்ந்து தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் முகத்துக்கும் தன் கண்ணுக்கும் நடுவில் பிடித்தார்.

“அருமை” என்றார். அடுத்த முட்டை. “அருமை.” அடுத்தது. “அடடா, அருமை.” அப்படி நானூறு முட்டை பார்த்தார், நானூறுக்கும் அதே சொல். அது முட்டைக்குச் சொன்ன சொல் என்று வசந்தாமணிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒரு மணி நேரம், முட்டையின் ஓரத்தில் தெரிந்த அவருடைய பாதிப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அருமையையும் அவள் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கேவலம் பார்க்கவில்லை. பசித்தவளுக்குப் பழையது என்ன, புதுசு என்ன.

லாரி திருச்சூர் போய் நாலாம் நாள் திரும்பி வந்தது. அவள் முகத்தில் பார்த்து ஏற்றின முட்டையில் பாதி அப்படியே திரும்பி வந்தது, நாற்றம் மூன்று வீட்டுக்கு அடித்தது. அந்த வெளிச்சத்தில் கிழடு தட்டின முட்டையும் நேற்றுப் போட்ட முட்டையாகத் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷமாக முட்டை பார்த்த மனுஷனுக்கு அது பிடிபடாமல் போய்விட்டது. நல்லசிவம் கத்தவில்லை. “ஒண்ணுத்துக்கும் ஆகாத வெளிச்சம்” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தகர டப்பாவில் திரும்பவும் பல்பை மாட்டினார். வசந்தாமணி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஆனால் ஒன்றுக்கும் ஆகாதது என்று ஒன்று எங்கள் பக்கம் உண்டா? அவர் வேண்டாமென்று விட்டதை ஊர் எடுத்துக்கொண்டது.

அந்த ஊர்களில் நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாத ஆம்பளைகள் நிறைய. தோட்டம் இருக்கும், கிணறு இருக்கும், கார் நிற்கும், பெண் மட்டும் கிடைக்காது. சொந்தத்தில் தேடிக் களைத்து, தரகர் பிடித்துப் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு வரைக்கும் போய்ப் பெண் கேட்பார்கள். அதில் ஒருத்தன் சென்னியப்பன், நாற்பத்து மூன்று வயசு, முன்வழுக்கை, பன்னிரண்டு ஏக்கர். கொல்லங்கோட்டிலிருந்து பெண்ணும் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நல்லசிவத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். “ஏனுங் மாப்ளே, பொண்ணூட்டுக்காரங்களை உங்கூட்டுக் கூடத்துல உக்கார வெச்சுப் பேசலாங்களா? ஒரு பையன் பொழப்பு” என்றார் ஒருவர். நல்லசிவம் சட்டையைப் பார்த்து யோசித்துவிட்டு, “அதுக்கென்னுங் மாமா, ஊருக்கில்லாததா” என்றார். அடுப்படி வாசலில் நின்ற வசந்தாமணியை யாரும் கேட்கவில்லை. வெளிச்சத்திடம் போய் யாராவது சம்மதம் கேட்பார்களா?

கூடத்து மூலையில் தூணை ஒட்டி அவளை உட்கார வைத்து, நேர் எதிரில் சென்னியப்பனை உட்கார வைத்தார்கள். அவன் இருபத்தெட்டு வயசில் இருந்தான். நெற்றிக்கு முடி வந்திருந்தது. பெண்ணின் பெயர் சிந்து, இருபத்து நாலு வயசு. ஒரே ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், உதட்டோரம் சிரிப்பு நின்றது. பெண்ணின் அப்பா தூண் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “நல்ல லைட்டாட்டம் இருக்குதே, எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். “ஆன்லைன்லதானுங்க” என்றார் நல்லசிவம். வசந்தாமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் மாப்பிள்ளைக்கு வயசாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

தாலியும் அந்தக் கூடத்திலேயே, அதே வெளிச்சத்தில் கட்டியானது. கல்யாணம் முடிந்து மறுநாள் காலை சிந்து மாமியாரிடம், கட்டிலில் படுத்திருக்கிற இவர் மாப்பிள்ளைக்கு அண்ணனா என்று கேட்டாளாம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆம்பளைக்கு எதுக்கு அழகு கண்ணு, கெணத்துல தண்ணி இருக்குது, அதப் பாரு என்று நாலு பொம்பளைகள் போய்ப் புத்தி சொல்லிவிட்டு வந்தார்கள். அடுத்த மாதத்தில் இன்னும் ஐந்து மாப்பிள்ளைகள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எழுந்தார்கள்.

ஒரு அதிசயம் ஊருக்குப் பழகிவிட்டால் ஊர் அதற்குச் சட்டம் போட்டுவிடும். காசு வாங்கக்கூடாது, வாங்கினால் வெளிச்சம் போய்விடும் என்றார்கள். அவள் வெயிலில் போகக்கூடாது, வெயிலுக்கும் இதற்கும் ஆகாது என்றார்கள். வாய் ஓயாமல் பேசக்கூடாது, வெளிச்சம் ஆடுகிறது என்றார்கள். முக்கியமாக முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். அழக்கூடாது என்று மாராத்தாள் ஒன்றைச் சேர்த்தாள், கண்ணீரும் தண்ணிதானே என்றாள், எல்லோரும் ஆமாமா என்றார்கள். வசந்தாமணி எட்டு மாதம் முகம் கழுவவில்லை. காலையில் நல்லசிவமே காய்ந்த துண்டால் துடைத்துவிட்டு, முகமூடியை எடுத்து மாட்டி, பின்னந்தலையில் பட்டையை இழுத்துக் கொக்கியைப் போட்டுவிடுவார். அப்போது அவர் விரல் அவள் காதில் படும். கண் கொக்கியைப் பார்த்திருக்கும். விரலாவது படுகிறதே என்று அவள் கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வாள். இரண்டு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக அவர் ஆக்கியபோது தோல் உள்ளே வெந்தது, அதையும் சொல்லவில்லை.

ஆட்கள் வந்தார்கள், வந்தபடியே இருந்தார்கள். ரிட்டையர் ஆன வாத்தியார் மாலையும் கழுத்துமாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். ஐம்பது வருஷம் முந்தி கட்டிக்கொண்ட இரண்டு பேர் ஜோடியாக வந்து உட்கார்ந்து, ஒருத்தரையொருத்தர் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் தனித்தனியாக எழுந்து போனார்கள். கிழக்குத் தோட்டத்தில் ஒரு அம்மா செத்தபோது பாடையை நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் வசந்தாமணியின் கூடத்தில் இறக்கினார்கள். மகன்கள் மூன்று பேரும் சிறு வயசில் பார்த்த அம்மாவை வெளிச்சத்தில் பார்த்துப் புதிதாக ஒருதரம் அழுதார்கள், அழுது முடித்ததும் தூக்கிக்கொண்டு போனார்கள். பிணத்துக்கு நேராக ஒரு மணி நேரம் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்தால் முகத்தில் சிந்திவிடும் என்று பயம். நல்லசிவத்துக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. பஸ்ஸில் இடம் விட்டார்கள், பண்ணைக்காரர்கள் எழுந்து நின்று பேசினார்கள். முட்டை யாவாரத்தை மருமகன் பக்கத்து ஆள் ஒருவரிடம் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வந்தவர்களை வரிசையில் உட்கார வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லோரையும் முகம் பார்த்து வாங்க என்று சொல்லப் பழகியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத மத்தியானத்தில், சிந்து வந்தாள். மற்றவர்களைப் போல் கண்ணாடி கொண்டுவரவில்லை. நேராக வந்து வசந்தாமணியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, எனக்கு உங்க முகத்தைப் பாக்கணும்” என்றாள்.

வசந்தாமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எதுக்கு கண்ணு?”

“என்னை ஏமாத்தினது யாருன்னு தெரியணும். அவரு ஏமாத்தல, அவரு பாவம், சொன்ன இடத்துல உக்காந்தாரு. தரகரு காசுக்குச் செஞ்சாரு. நீங்க எதுக்கக்கா செஞ்சீங்க? நீங்களும் ஒரு பொண்ணுதானே. ஒருதரம் தலையை அந்தப் பக்கம் திருப்பியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

சிந்து இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தை நேராகப் பார்த்தாள். கண் சிவந்தது, நீர் கொட்டியது, துடைக்காமல் பார்த்தாள். நீ பாரு கண்ணு, நல்லாப் பாரு, அதுக்குள்ளதான் இருக்கறேன் என்று வசந்தாமணி மனசுக்குள் கெஞ்சினாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தைத் தேடி வந்த ஒரே ஜீவன் அந்தப் பெண்தான், அதுவும் காறித் துப்புவதற்கு. துப்பினாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுத் துப்பட்டும் என்று முகத்தை இன்னும் முன்னால் நீட்டினாள். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிந்து எழுந்தாள்.

“இங்க யாருமே இல்லை” என்றாள். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை நல்லசிவம் முகமூடியை மாட்டிவிட்டு வாசலுக்குப் போனதும், வசந்தாமணி அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்த் தொட்டிக்குள் முகமூடியை அமுக்கினாள். நாலு குமிழி வந்தது, நின்றது. பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, இரண்டு கை நிறையத் தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்தாள். என்ன சுகம், எட்டு மாதத்துக்கு அப்புறம் தண்ணீர். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள். வெளிச்சம் மஞ்சள் கரைகிற மாதிரி கரைந்து, கையோடு வந்து, சாக்கடையில் சிவப்பாக ஓடி, வாழை மரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்று மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

கண்ணாடியைப் பார்த்தாள். முகம் இருந்தது. நெற்றியில் அதே கோடு, கன்னத்தில் அதே தொய்வு, பட்டை அழுத்தின இடத்தில் காதோரம் கருத்திருந்தது. மற்றபடி நாற்பத்தொன்பது ஐம்பதாகியிருந்தது, அவ்வளவுதான். மோசமில்லை என்று அவளுக்கே தோன்றியது. இந்த முகத்துக்கா இத்தனை வெசனப்பட்டோம் என்று நினைத்தாள். இனி எதை மறைக்க, இதைத்தான் அவர் பார்க்க வேண்டும், இதைப் பார்த்துத் திட்டினாலும் சரி, வெளிச்சத்தை என்ன செஞ்சே என்று அறைந்தாலும் சரி, அறைகிறவன் முகத்தைப் பார்த்துத்தானே அறைய வேண்டும். தலை வாரினாள், குங்குமம் வைத்தாள், நல்ல சேலையாக ஒன்று கட்டினாள். பின்கட்டு வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, வாசலில் நல்லசிவத்தின் முன்னால் போய் நின்றாள்.

நல்லசிவம் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததைக் கண்டு நிமிர்ந்தார். அவள் முகத்தை நேராக, முழுசாக, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தார்.

“வாங்க வாங்க” என்றார். “எந்த ஊருங்க? உக்காருங்க. உள்ள இப்பத்தான் மாட்டி விட்டிருக்குது, சித்த நேரமாகும்.”

முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாராத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்து, “உங்களை எங்கியோ கண்டாப்பல இருக்குதுங்களே, பரமத்தியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். வசந்தாமணி உட்கார்ந்தாள்.

நல்லசிவம் இரண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார். கட்டின நாளிலிருந்து அவர் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. “தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் தணிந்த குரலில், “உங்களுக்கு இந்த வெளிச்சமெல்லாம் எதுக்குங்க? லட்சணமாத்தான இருக்கறீங்க.”

எத்தனை வருஷத்து வேண்டுதல், கைக்கெட்டின தூரத்தில் வந்து நிற்கிறது. அழலாம் இப்போது, தடை இல்லை. ஆனால் அழுதால் முகம் கோணிவிடும், பார்க்கிறவர் பார்வையை எடுத்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் உள்ளே போனார். கூடத்தில் இருட்டாக இருந்திருக்க வேண்டும். “ஏம்புள்ளே” என்று கூப்பிட்டார். அடுப்படியில் கூப்பிட்டார், குடோனில் கூப்பிட்டார், பின்கட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் வாசலில் இருந்த வசந்தாமணிக்கு, இருபத்தாறு வருஷத்துப் பழக்கத்தில், வந்துட்டனுங்க என்று வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். வேர்த்து விறுவிறுக்க அவர் வெளியே வந்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், அப்புறம் அவளிடமே வந்தார்.

“ஏனுங்க, நீங்க வர்றப்ப எங்கூட்டுக்காரியை வழியில பாத்தீங்களா?”

வசந்தாமணி நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். குரலாவது பிடிபட்டிருக்க வேண்டும், கேட்டிருந்தால்தானே பிடிபட.

“அவங்க எப்படியிருப்பாங்க?” என்று கேட்டாள்.

நல்லசிவம் வாயைத் திறந்தார். எதையோ தேடுகிறவர் போல நெற்றியைச் சுருக்கினார், தன் மூக்கைத் தொட்டார், கையை இறக்கிக்கொண்டார். மாராத்தாள் பக்கம் திரும்பினார், அவளும் தலையைச் சொறிந்தாள். வரிசையில் இருந்த எல்லோரும் அவர் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்கள்.

“வெளிச்சமா இருப்பாங்க” என்றார் கடைசியில்.

“அப்படி யாரையும் நான் பாக்கலீங்களே” என்றாள் வசந்தாமணி.